பார்லருக்கு ஆன்லைன் புக்கிங்: நேரத்தையும் விலையையும் எப்படிப் போடுவது?

ஈரோட்டில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். இதுவரை போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் அப்பாயின்ட்மென்ட் கொடுத்தோம். இப்போது ஆன்லைன் புக்கிங் மென்பொருள் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு சேவைக்கும் விலையும் நேரமும் கேட்டது. பக்கத்துத் தெரு பார்லரில் என்ன வாங்குகிறார்களோ அதே விலையைப் போட்டேன். நேரத்துக்கு, சின்ன வேலை என்றால் 30 நிமிடம், பெரிய வேலை என்றால் 1 மணி நேரம். முதல் வாரமே குழப்பம். சனிக்கிழமை வந்தவர்கள் காத்திருந்து கோபித்துக்கொண்டார்கள். புதன்கிழமை நாற்காலி காலியாகக் கிடந்தது. எங்கே தப்பு?"

விலையை அப்படியே விட்டுவிட்டு முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். நேரம் சரியாக இல்லாமல் விலையை எவ்வளவு மாற்றினாலும் பலன் இருக்காது.

மென்பொருளில் விலைக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம் என்று இருப்பதால் இரண்டும் வேறு வேறு விஷயம் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் நீங்கள் விற்பது உங்கள் ஆட்களின் நிமிடங்களைத்தான். க்ரீமும் கலரும் அதற்கு மேல் வரும் செலவு. போனில் புக்கிங் எடுத்த காலத்தில் இந்தக் கணக்கை நீங்களே மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "இந்த அக்காவுக்கு முடி இடுப்பு வரைக்கும் வரும், அரை மணி நேரம் கூட வேணும்", "இவங்க எப்பவும் பத்து நிமிஷம் லேட்டாத்தான் வருவாங்க" என்றெல்லாம் யோசித்துத்தான் அடுத்தவருக்கு நேரம் சொன்னீர்கள். மென்பொருளுக்கு அந்த அக்காவைத் தெரியாது. நீங்கள் 60 என்று எழுதினால் அறுபதாவது நிமிடம் அடுத்தவரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடும்.

அதனால் முதல் வேலை அளப்பது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். வாடிக்கையாளர் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், துடைத்து, டவல் மாற்றி, அடுத்தவர் உட்காரலாம் என்று இடம் தயாரான நேரம், இந்த மூன்றும் போதும். யார் செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவது நேரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபேஷியல் முடிந்து பில் போட்டு, அவர் கண்ணாடி முன்னால் நின்று பொட்டுச் சரிசெய்து, "அடுத்த தடவை என்ன பண்ணலாம்?" என்று பேசிவிட்டுக் கிளம்பும் அந்த ஐந்து பத்து நிமிடமும் உங்கள் நேரம்தான்.

உதாரணத்துக்கு, பத்து ஃபேஷியலுக்கு உட்கார்ந்ததிலிருந்து இடம் தயாராகும் வரை ஆன நிமிடங்கள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 55, 58, 60, 62, 62, 65, 65, 68, 72, 85. சராசரி 65. ஆனால் சராசரியை மென்பொருளில் போடாதீர்கள். 65 போட்டால் பத்தில் மூன்று பேர் அதைத் தாண்டுகிறார்கள், அந்தத் தாமதம் பின்னால் வருபவர்கள் தலையில் விழும். பத்தில் எட்டுப் பேர் அடங்கும் அளவைப் பாருங்கள். இங்கே அது 68. அதை 70 ஆக்கிப் போடுங்கள். நீங்கள் இப்போது போட்டிருக்கும் 60 என்பது ஆளுக்குச் சராசரி ஐந்து நிமிடம் குறைவு. சனிக்கிழமை அடுத்தடுத்து ஐந்து ஃபேஷியல் என்றால், ஐந்தாவது ஆள் எழுந்திருக்கும்போது கிட்டத்தட்ட அரை மணி நேரம் பின்தங்கியிருப்பீர்கள். உங்கள் சனிக்கிழமைக் கோபத்துக்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்கும்.

85 நிமிடம் ஆன அந்த ஒருவருக்காக எல்லோருக்கும் 85 போடவும் வேண்டாம். புதிதாக வருபவர் என்றால் சருமத்தைப் பார்த்து, கேள்வி கேட்டு, விளக்கிச் சொல்ல நேரம் ஆகும். "முதல் முறை ஃபேஷியல்" என்று 85 நிமிடத்துக்குத் தனியாக ஒரு சேவை வைத்துவிடலாம்.

இந்த 70 நிமிடத்தை எப்படிக் காட்டுவது என்பது அடுத்த கேள்வி. வாடிக்கையாளருக்கு 60 என்று தெரியட்டும், மீதி 10 நிமிடம் உங்கள் காலண்டரில் மட்டும் அடைபடட்டும். இதற்கு எல்லா நல்ல மென்பொருளிலும் பஃபர் என்று ஒன்று உண்டு. சோஹோ புக்கிங்ஸில் சேவைக்கு முன்னாலும் பின்னாலும் தனித்தனியாகப் போடலாம். சுத்தம் செய்யும் நேரத்தைச் சேவை நேரத்தோடு சேர்த்துக் காட்டினால் "70 நிமிஷம்னு போட்டிருந்தீங்க, 60 நிமிஷத்துல முடிச்சிட்டீங்களே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் அமைப்பைச் சொல்ல வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்லாட், அதாவது புக் செய்யக்கூடிய தொடக்க நேரம், காட்ட வேண்டும் என்பது சேவை நேரத்திலிருந்து தனியானது. உங்கள் வேக்சிங்குக்கு 40 நிமிடம், ஸ்லாட் இடைவெளி 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்கு ஆரம்பித்து 10.40க்கு முடியும். அடுத்த ஸ்லாட் 11 மணிக்குத்தான் காட்டும். இருபது நிமிடம் சும்மா போயிற்று. ஒரு நாளில் இப்படி ஆறு முறை நடந்தால் இரண்டு மணி நேரம். இடைவெளியை 15 ஆக மாற்றினால் 10.45க்கே அடுத்தவர் வந்துவிடுவார். 5 நிமிட இடைவெளி இன்னும் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். 10.05, 10.10 என்று நேரம் சிதறி, நடுவில் எதற்கும் போதாத துண்டுகள் மிஞ்சும். பார்லருக்கு 15தான் சரிப்பட்டு வரும். சேவை நேரத்தையும் பஃபரையும் சேர்த்தால் 15இன் மடங்குக்கு ஒட்டி வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஃபேஷியலுக்கு 60, பஃபர் 15, ஆக 75 என்று போட்டுவிட்டால் காலண்டர் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்.

ஹேர் கலர், ஸ்பா மாதிரி வேலைகளில் நேரம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கலர் தடவ 40 நிமிடம். அது ஏறுவதற்கு 35 நிமிடம். கழுவிக் காயவைக்க 35 நிமிடம். மொத்தம் 110. ஆனால் நடுவில் இருக்கும் 35 நிமிடம் உங்கள் ஆள் சும்மாதான் இருக்கிறார், வாடிக்கையாளர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போனில் புக்கிங் எடுத்தபோது இந்த இடைவெளியில் ஒரு த்ரெட்டிங்கையோ ஒரு கை வேக்சிங்கையோ நுழைத்திருப்பீர்கள். ஃப்ரெஷா மாதிரி பார்லர்களுக்கென்றே வந்த மென்பொருளில் இந்தக் காத்திருப்பு நேரத்தைத் தனியாகக் குறிக்கலாம், அப்போது அந்த 35 நிமிடம் மற்றவர்கள் புக் செய்யத் திறந்திருக்கும். காலண்ட்லி, கூகுள் காலண்டரின் அப்பாயின்ட்மென்ட் வசதி மாதிரியானவை ஆட்கள் பேசிக்கொள்ளும் மீட்டிங்குக்காக வந்தவை. அவற்றில் 110 நிமிடமும் முழுதாக அடைபட்டுவிடும். உங்கள் வருமானத்தில் கலர் பாதி இருக்கிறது என்றால் மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆள் ஃப்ரீயாக இருந்தாலும் இடம் ஃப்ரீயாக இருக்க வேண்டுமே. கலர் போட்டுக்கொண்டு காத்திருப்பவர் ஒரு நாற்காலியை அடைத்துக்கொண்டுதான் இருப்பார். ஃபேஷியல் பெட் ஒன்றுதான் இருக்கிறது என்றால், நீங்கள் மூன்று பேர் இருந்தாலும் ஒரே நேரத்தில் ஒரு ஃபேஷியல்தான் முடியும். மென்பொருள் ஆட்களை மட்டும் எண்ணி, மூன்று பேருக்கும் 11 மணிக்கு ஃபேஷியல் கொடுத்துவிடும். பெட், கழுவும் பேஸின், பெடிக்யூர் டப் இவற்றை ரிசோர்ஸ் என்ற பகுதியில் எண்ணிக்கையோடு சேர்த்து, எந்தச் சேவைக்கு எது வேண்டும் என்று இணைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால், ஃபேஷியலை ஒரே ஒரு ஆளின் பெயரில் மட்டும் போடுவது எளிய வழி.

ஆளுக்கு ஆள் வேகமும் மாறும். நீங்கள் 60 நிமிடத்தில் முடிப்பதை வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆன பெண் 80 நிமிடத்தில் முடிப்பாள். அது அவள் குற்றம் இல்லை. அவளுக்கும் 60 என்று போட்டுவிட்டு நாள் முழுக்க அவளை ஓட வைப்பதுதான் குற்றம். பார்லர்களுக்கென்று வந்த பல மென்பொருளில் ஒரே சேவைக்கு ஆளுக்கு ஒரு நேரமும் ஆளுக்கு ஒரு விலையும் வைக்க முடியும். அவளுக்கு 80 போட்டு, விலையைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். நேரம் இருப்பவர்கள், மாணவிகள் அவளிடம் வருவார்கள். கை தேறத் தேற நோட்டைப் பார்த்து நேரத்தைக் குறைத்துக்கொண்டு விலையை ஏற்றுங்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையையும் மூவருக்கும் வேறு வேறு நேரத்தில் கட்டாயம் போடுங்கள். நீங்கள் போடாவிட்டால் மென்பொருள் காலை 9 முதல் இரவு 8 வரை இடைவிடாமல் நிரப்பும், அந்தப் பெண்கள் நாலு மணிக்கு நின்றுகொண்டே சாப்பிடுவார்கள்.

அடுத்தது முடியின் நீளம். நம் ஊரில் தோள் வரை முடி உள்ளவரும் இடுப்புக்குக் கீழே முடி உள்ளவரும் ஒரே "ஹேர் கலர்" பட்டனைத்தான் அழுத்துகிறார்கள். இதற்குப் பலர் "₹1,500 முதல்" என்று போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அந்த "முதல்"தான் பில் போடும் இடத்தில் சண்டையாக வருகிறது. வந்தவர் மனதில் 1,500 நின்றுவிட்டது, நீங்கள் 2,800 சொல்கிறீர்கள். அதைவிட முக்கியமாக, விலைக்கு "முதல்" போடலாம், நேரத்துக்குப் போட முடியாது. காலண்டரில் ஒரே ஒரு நேரம்தான் அடைபடும். அதனால் மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: தோள் வரை, முதுகின் நடு வரை, இடுப்பு வரையும் அதற்குக் கீழும். ஒவ்வொன்றுக்கும் தனி நேரம், தனி விலை, ஒரு படம். பின்னால் திரும்பி நிற்கும் ஒரு பெண்ணின் கோட்டுப் படம் இருந்தாலே போதும், தப்பாக அழுத்துபவர்கள் வெகுவாகக் குறைவார்கள். ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங்குக்கு இது இன்னும் அவசியம். அங்கே நீளம் மாறினால் இரண்டு மணி நேரம் வரை வித்தியாசம் வரும்.

கலருக்கு இன்னொன்றும் உண்டு. டை போடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் ஒரு துளி வைத்துப் பார்க்கச் சொல்லிப் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். அதை நிஜமாகவே செய்யுங்கள். "பேட்ச் டெஸ்ட், 15 நிமிடம், இலவசம்" என்று ஒரு சேவை வைத்து, முதல் முறை கலர் போடுபவர்களுக்கான சேவையை இரண்டு நாள் முன்னதாகத்தான் புக் செய்ய முடியும் என்று அமைத்துவிடுங்கள். முகம் வீங்கி ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதைவிட இந்த 15 நிமிடம் பெரிதில்லை.

நேரம் சரியாகிவிட்டது. இனி விலை.

பக்கத்துத் தெரு விலையைப் பார்ப்பது தப்பில்லை. ஆனால் அவருக்குச் சொந்தக் கட்டடமாக இருக்கலாம், வீட்டு ஆட்களே வேலை செய்யலாம். அவர் விலை அவர் செலவுக்கு. உங்கள் ஒரு நிமிடம் என்ன விலை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். மாத வாடகை 20,000. இரண்டு பேர் சம்பளம் 32,000. உங்கள் சம்பளம் 30,000. கரண்ட், தண்ணீர் 8,000. போன், மென்பொருள், விளம்பரம் 4,000. நாற்காலி, ஸ்டீமர், ஏசி தேய்மானத்துக்கு 6,000. மொத்தம் 1,00,000.

உங்கள் சம்பளத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். "மிச்சம் வர்றதுதானே என் சம்பளம்" என்று சொல்லும் பார்லர் உரிமையாளர்கள் ஏராளம். வேறு ஒரு பார்லரில் நீங்கள் வேலைக்குப் போனால் என்ன தருவார்களோ அது இந்தக் கணக்கில் இருந்தே ஆக வேண்டும். லாபம் அதற்கு மேல்.

இனி நிமிடங்கள். மூன்று பேர், மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 624 மணி, அதாவது 37,440 நிமிடம். ஒரு லட்சத்தை இதால் வகுத்தால் நிமிடத்துக்கு 2 ரூபாய் 67 பைசா. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. எந்தப் பார்லரிலும் எல்லா நிமிடமும் விற்பதில்லை. உங்கள் நோட்டில் நூற்றுக்கு அறுபது நிமிடம்தான் வேலை நடந்திருக்கிறது என்று வைத்தால், விற்ற நிமிடம் 22,464. இப்போது நிமிடத்துக்கு 4 ரூபாய் 45 பைசா. இந்த எண்தான் உங்கள் அடிப்படை.

இதை வைத்து ஃபேஷியலைப் பாருங்கள். 60 நிமிடத்தோடு 15 பஃபர், ஆக 75 நிமிடம். 75 × 4.45 = 334. க்ரீம், பஞ்சு, டிஷ்யூ எல்லாம் சேர்த்துப் பொருள் செலவு 230 என்றால் மொத்தம் 564. இருபது சதவீத லாபம் வைத்தால் 677, அதை 680 அல்லது 700 என்று போடலாம். பக்கத்துத் தெருவில் 500 என்று அதையே நீங்களும் போட்டால், ஒவ்வொரு ஃபேஷியலுக்கும் 64 ரூபாய் கையிலிருந்து கொடுக்கிறீர்கள். கூட்டம் அதிகமாக வந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று சிலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கலரில் இதே கணக்கு வேறு பாடம் சொல்கிறது. 110 நிமிடமும் அடைபட்டால் உங்கள் நேரச் செலவு 490 ரூபாய். நடுவில் இருக்கும் 35 நிமிடத்தை வேறொருவருக்கு விற்க முடிந்தால் 75 நிமிடம்தான் உங்கள் செலவு, அது 334. மென்பொருளில் ஒரே ஓர் அமைப்பைச் சரியாகப் போட்டதால் ஒரு கலருக்கு 156 ரூபாய் வித்தியாசம்.

த்ரெட்டிங் தனியாகப் பேச வேண்டிய விஷயம். புருவம் மட்டும் 50 ரூபாய் என்று வைப்போம். வேலை 10 நிமிடம், நேரச் செலவு 45. நேரில் நுழைந்தவருக்குக் கிடைத்த இடைவெளியில் செய்தால் சரி, கட்டுப்படியாகும். ஆனால் ஆன்லைனில் அதற்கு 15 நிமிட ஸ்லாட் கொடுத்தால் 67 ரூபாய் நேரத்தை 50க்கு விற்கிறீர்கள். போதாக்குறைக்கு அவர் சனிக்கிழமை 11 மணிக்குப் புக் செய்து, 10.30 முதல் 11.45 வரை உட்கார வேண்டிய ஒரு ஃபேஷியலுக்கு வழியில்லாமல் செய்துவிடுவார். என் அபிப்பிராயம், தனித் த்ரெட்டிங்கை ஆன்லைனில் வைக்கவே வேண்டாம். "த்ரெட்டிங்குக்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், நேரில் வாருங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். ஆன்லைனில் ஃபேஷியல், வேக்சிங்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சேவையாக மட்டும் வையுங்கள். அப்போதும் அதற்கு 10 நிமிடம் சேர்க்க மறக்காதீர்கள். கூடுதல் சேவைக்கு விலை போட்டுவிட்டு நேரத்தைப் பூஜ்ஜியமாக விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பேக்கேஜ் போடும்போது நேரத்தை வெறுமனே கூட்டாதீர்கள். ஃபேஷியல் 60, பெடிக்யூர் 45 என்றால் 105 ஆக வேண்டியதில்லை. முகத்தில் மாஸ்க் காயும்போது இன்னொரு பெண் கால் வேலையைத் தொடங்கலாம். ஆனால் அப்போது இரண்டு பேர் அடைபடுகிறார்கள் என்பதை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வழியில்லை என்றால் ஒருவரே அடுத்தடுத்துச் செய்வதாக முழு நேரத்தையும் போட்டுவிடுவதுதான் பத்திரம்.

வரி விஷயம் சுருக்கமாக. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மாதம் 1,67,000 வந்தாலே அந்த அளவைத் தொட்டுவிடும், எனவே இது உங்களுக்கு எட்டாத எண் இல்லை. பதிவு இல்லாதவரை பில்லில் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. பார்லர் சேவைகளுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் பொருள் வாங்கும்போது கட்டும் வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது, அதைப் பொருள் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் விலை வரி உட்பட்டதா, வரி தனியா என்று கேட்கும். உட்பட்டது என்று வையுங்கள். 700 என்று பார்த்து வந்தவரிடம் 735 கேட்பது நன்றாக இருக்காது. அப்படி வைத்தால் அந்த 700இல் 33 ரூபாய் சொச்சம் வரிக்குப் போகும் என்பதை விலை போடும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண மேக்கப்பைச் சாதாரண சேவை மாதிரி ஆன்லைனில் திறந்து வைக்காதீர்கள். காரணத்தை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மண்டபம், முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. பெண் 5 மணிக்குத் தயாராக வேண்டும், போட்டோகிராஃபர் காத்திருப்பார். ஜடை, சேலை, மேக்கப் எல்லாம் சேர்ந்து இரண்டரை மணி நேரம், ஆக 2.30க்கு ஆரம்பிக்க வேண்டும். ஈரோட்டிலிருந்து போகக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், பொருள்களை எடுத்து அடுக்க இன்னும் கொஞ்சம் நேரம். 1.15க்காவது கிளம்ப வேண்டும். கூறைப் புடவை மாற்றி டச்-அப் முடித்துவிட்டுத் திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். அதன் பிறகு தூங்க வேண்டாமா? மென்பொருளுக்கு உங்கள் வேலை நேரம் 9 மணிக்குத் தொடங்குகிறது என்றுதான் தெரியும், 9 மணிக்கே ஒரு கலரை வைத்திருக்கும். அதனால் ஆன்லைனில் "மணப்பெண் ஆலோசனை, 30 நிமிடம்", "ட்ரையல் மேக்கப், 2 மணி நேரம், கட்டணம் உண்டு" இந்த இரண்டை மட்டும் வையுங்கள். முகூர்த்தத் தேதி பேசி முடிந்ததும், அன்று மதியம் 2 மணி வரைக்கும், முந்தைய நாள் மாலையில் ரிசப்ஷன் மேக்கப்பும் இருந்தால் அந்த மாலைக்கும், நீங்களே காலண்டரை அடைத்துவிடுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து வருடம் முழுக்க இருக்கும் முகூர்த்த நாள்களை முன்கூட்டியே குறித்துவைத்தால் அந்த நாள்களில் யாருக்கும் லீவு கொடுத்துவிட்டுத் தவிக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை காலியாக இருப்பதற்கு விலைதான் மருந்து. ஆனால் கவனமாக. அந்த நாளில் வாடகையும் சம்பளமும் எப்படியும் போய்க்கொண்டிருக்கிறது. பொருள் செலவான 230க்கு மேல் எது வந்தாலும் அது உதவிதான். எனவே செவ்வாய் முதல் வியாழன் வரை காலை 11 முதல் மதியம் 3 வரை ஃபேஷியல் 580 என்று வைப்பதில் நஷ்டம் இல்லை. அதையே சனிக்கிழமை வைத்தால் 700 தர இருந்தவரின் இடத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்ததாக ஆகும். வார இறுதிக்கு விலையை ஏற்றுவதை நான் சொல்லமாட்டேன். "சனிக்கிழமைன்னா கூட வாங்குறாங்க" என்ற பேச்சு ஊருக்குள் சீக்கிரம் பரவும். வார நாளுக்குக் குறைத்தால் அதே வித்தியாசம் நல்ல பேராக வருகிறது. ஒன்று மட்டும், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஹேர்கட் சலுகை போடாதீர்கள். அந்த நாள்களில் முடி வெட்டாதவர்கள் நம் பக்கம் அதிகம். அன்றைக்கு ஃபேஷியல், பெடிக்யூர், ஸ்பா போடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. ஸ்ட்ரெய்ட்டனிங் மாதிரி நீண்ட நேர வேலைகளை அந்த மாதங்களுக்கு இழுக்கச் சலுகை கொடுங்கள்.

அட்வான்ஸ் எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டாம். 300 ரூபாய் வேலைக்கு அட்வான்ஸ் கேட்டால் வருகிறவரும் வரமாட்டார். 90 நிமிடத்தைத் தாண்டும் சேவைகளுக்கு மட்டும் கால் பங்கு வாங்குங்கள். வராமல் போனால் அடிபடுவது அந்த நீண்ட நேரம்தான். ஒரு நாள் முன்னால் சொன்னால் முழுதாகத் திருப்பித் தருவோம், அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தருவோம் என்று புக்கிங் பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். எழுதியபடி நடந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு மென்பொருள் என்றால் ரேஸர்பே போன்ற இந்தியக் கட்டண வழியோடு இணைகிறதா, யுபிஐ வாங்க முடிகிறதா என்று பாருங்கள். கார்டு மட்டும்தான் என்றால் நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இந்த மாற்றங்களைச் செய்யும்போது ஏற்கெனவே புக் ஆனவற்றை மறக்காதீர்கள். சேவை நேரத்தை 60இலிருந்து 75 ஆக்கினாலும் அடுத்த வாரத்துக்கு முன்பே பதிவானவை பெரும்பாலும் பழைய 60ஆகவே காலண்டரில் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இடிக்கும் இடத்தில் போன் போட்டு நேரத்தை நகர்த்துங்கள். விலையை ஏற்றினால் முன்பே பதிந்தவர்களிடம் பழைய விலையையே வாங்குங்கள். அப்புறம், எல்லாம் முடிந்ததும் உங்கள் லாகினில் இல்லாமல், வீட்டில் வேறு யாருடைய போனிலாவது வாடிக்கையாளர் மாதிரியே புக் செய்து பாருங்கள். மூன்று மணி நேர ஸ்ட்ரெய்ட்டனிங்கை மாலை 6 மணிக்குக் கேளுங்கள். இரவு 8 மணிக்கு மூடுகிறீர்கள், நேரமும் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்றால் 5 மணிக்கு மேல் ஸ்லாட்டே காட்டக் கூடாது. இரண்டு ஃபேஷியலை ஒரே நேரத்தில் கேளுங்கள். பெட் ஒன்றுதான் என்றால் இரண்டாவதுக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் ஓடட்டும். மாதக் கடைசியில் மென்பொருளின் ரிப்போர்ட்டில் எத்தனை மணி நேரம் புக் ஆனது என்று எடுத்து 624ஆல் வகுத்துப் பாருங்கள். நேரில் வந்த த்ரெட்டிங்கையும் அதோடு சேர்க்க வேண்டும். நூற்றுக்கு அறுபது என்று ஊகித்தது எழுபது ஆகியிருந்தால், உங்கள் நிமிட விலை 4.45இலிருந்து 3.82க்கு இறங்கியிருக்கும். அதைப் பார்த்து உடனே விலையைக் குறைக்க வேண்டாம். அந்த வித்தியாசத்தில் முதலில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களின் சம்பளத்தைக் கூட்டுங்கள். கை தேறிய பெண் ஒருத்தி வேலையை விட்டுப் போனால் அவள் பெயரில் போட்டிருக்கும் நேரங்கள் எல்லாவற்றையும் மறுபடி 80இலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.